வீதியோரத்துச் சிறு கருவிகள்

பிறநாட்டுக்கு முதன்முறையாகச் செல்லும் பிரயாணியின் கண்ணைக் கவர்வன பெரும்பாலும் பெரிய பொருள்களே. இலண்டன் மாநகரை அடைபவர் அங்குள்ள மாளிகைகளையும், தேம்ஸ் நதியின் பாலங்களையும், நிலத்தின் கீழ் ஓடும் புகையிரதத்தையும் கண்டு வியப்பர். இவையெல்லாம் ஒரு நாட்டின் செல்வத்தையும் ஆற்றலையும் காட்டுவன. அந்நாட்டு மக்கள் ஒருவரையொருவர் எவ்வாறு மதிக்கின்றனர் என்பதை அறிய விரும்புபவரோ வீதிக்குத்தான் செல்லவேண்டும். அங்கே, எவரும் நின்று பார்க்காத சில சிறு கருவிகள் அந்தச் செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இக்கருவிகளுட் பல துன்பத்தின் விளைவாகப் பிறந்தவை. 1934 ஆம் ஆண்டில் பிரித்தானிய வீதிகளில் 7,343 பேர் விபத்துகளில் மாண்டனர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் கால்நடையாகச் சென்றவர்கள். அந்நாளில் அங்கு ஓடிய மோட்டார்க் கார்கள் 15 இலட்சமளவேயாகும். வேகக் கட்டுப்பாடு 1930 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டிருந்தது; வண்டி ஓட்டுவதற்குப் பரீட்சை எதுவும் இருக்கவில்லை. வீதி வலியவனுடையதாகவும், நடப்பவன் அதில் அஞ்சி ஒதுங்குபவனாகவும் இருந்த காலம் அது.

அதே 1934 ஆம் ஆண்டில், யோர்க்ஷயர்ப் பகுதியிலுள்ள ஹலிபக்ஸ் என்னும் ஊரைச் சேர்ந்த பேர்சி ஷோ என்பவர் ஒரு சிறு கருவிக்கு ஆக்கவுரிமை பெற்றார். அவர் வீதி செப்பனிடும் தொழில் செய்தவர். பனிமூட்டம் மிகுந்த அவ்வூரில், டிராம் வண்டியின் தண்டவாளங்களிற் பட்டு மின்னிய ஒளியே இரவில் அவருக்கு வழிகாட்டியதென்றும், அவை பெயர்க்கப்பட்டபின் அவற்றுக்கு ஈடாக ஒன்றைத் தேடினாரென்றும் கூறுவர் சிலர். வேலியின் மேலிருந்த பூனையொன்றின் கண்கள் வண்டி விளக்கின் ஒளியில் மின்னியதைக் கண்டே அவருக்கு அவ்வெண்ணம் தோன்றிற்று என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், அக்கருவிக்குப் பூனைக்கண் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அதன் அமைப்பு மிக எளியது. வீதியின் நடுவே பதிக்கப்பட்ட வார்ப்பிரும்புக் கூட்டினுள் இறப்பர்த் துண்டொன்று இருக்கும். அதில் ஒரு திசைக்கு இரண்டாக நான்கு கண்ணாடிக் குண்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். வண்டி விளக்கின் ஒளி அக்குண்டுகளினுள்ளே புகுந்து, பின்புறத்திலுள்ள பளபளப்பான பூச்சிற் பட்டு, வந்த வழியே மீண்டு சாரதியின் கண்ணை அடையும். அதற்கு மின்சாரமும் வேண்டா, எண்ணெயும் வேண்டா. வண்டியின் சக்கரம் அதன்மேல் ஏறும்போது இறப்பர் அமிழும். அப்போது கண்ணாடிகள் இறப்பரின் விளிம்பில் உராய்ந்து துடைக்கப்படும். கூட்டின் அடியில் தேங்கிய மழைநீர் அவற்றைக் கழுவும். கண்ணுக்கு இமை எப்படியோ, அப்படியே இக்கருவிக்கு இறப்பர். மிதிக்கப்படுந்தோறும் அது தூய்மையடைகிறது.

முதலில் இதனை வாங்குவோர் அதிகம் இருக்கவில்லை. பின்னர் இரண்டாம் உலக மகாயுத்தம் மூண்டது. பகைவரின் விமானங்களுக்கு அஞ்சித் தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன. வண்டிகளின் விளக்குகளும் மறைக்கப்பட்டன. இருள் சூழ்ந்த அக்காலத்தில் வீதி மரணங்கள் மேலும் பெருகி, 1941 ஆம் ஆண்டில் 9,169 ஆயின. பிரித்தானிய வரலாற்றில் இதனிலும் கூடிய தொகை வேறெந்த ஆண்டிலும் பதிவாகவில்லை. அப்போதுதான் பூனைக்கண்ணின் அருமையை யாவரும் உணர்ந்தனர். இன்று அதன் வழித்தோன்றல்களான ஒளிவீசும் பதிகற்கள் பெருவீதிகளில் நிறத்தாலும் பேசுகின்றன. இடப்பக்க ஓரத்தில் சிவப்பும், நடுத்தடுப்பின் அருகில் மஞ்சளும், கிளைவழி பிரியுமிடத்தில் பச்சையும், ஓடுபாதைகளுக்கிடையில் வெள்ளையும் தோன்றும். அடர்ந்த பனியிலும் சாரதி தாம் வீதியின் எப்பகுதியில் இருக்கிறார் என்பதை அறிந்துகொள்வார்.

பூனைக்கண் சாரதிக்கு உதவுவது. நடப்பவருக்காக ஏற்பட்ட கருவியும் 1934 ஆம் ஆண்டிலேயே தோன்றிற்று. அப்போது போக்குவரத்து அமைச்சராயிருந்தவர் லெஸ்லி ஹோர்-பெலிஷா. பாதசாரிகள் கடக்குமிடங்களில், கறுப்பும் வெள்ளையுமாக வளையமிட்ட கம்பங்களை நாட்டி, அவற்றின் உச்சியில் தோடம்பழம் போன்ற நிறமுடைய உருண்டைகளை வைக்கச் செய்தார் அவர். மக்கள் அவற்றை அவர் பெயராலேயே பெலிஷாக் கம்பம் என அழைத்தனர். மறு ஆண்டில், ஊர்ப்புறங்களில் மணிக்கு 30 மைல் என்ற வேக எல்லையும், புதிய சாரதிகளுக்குக் கட்டாயப் பரீட்சையும் நடைமுறைக்கு வந்தன. கம்பம் தூரத்தில் தெரிந்தபோதிலும், கடவை தரையிற் சரியாகத் தெரியவில்லை. ஆகவே பல நிறக்கோடுகளைத் தீட்டிப் பரிசோதித்தபின், 1951 ஆம் ஆண்டில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் முறையாக ஏற்கப்பட்டன. வரிக்குதிரைக் கடவை என்பது அதுவே.

இக்கடவையில் முதன்முறையாகக் காலெடுத்து வைக்கும் பிரயாணி ஒரு விந்தையைக் காண்பார். அங்கே பொலிஸாரும் இல்லை. சிவப்பு விளக்கும் இல்லை. ஆயினும் விரைந்துவரும் வண்டி நிற்கிறது. கடவையிற் கால் வைத்தவருக்குச் சாரதி வழிவிட்டே ஆகவேண்டும் என்பது சட்டம். கடப்பதற்காக ஓரத்திற் காத்து நிற்பவருக்கும் வழிவிடுதல் முறை என 2022 ஆம் ஆண்டில் வீதி விதிநூல் மேலும் வலியுறுத்தியது. எனினும், வெள்ளைக் கோட்டுக்கு வண்டியை நிறுத்தும் வலிமை கிடையாது. அதனை நிறுத்துவது சாரதியின் கால். அக்காலை இயக்குவது அவருடைய பழக்கம்.

மூன்றாவதாகக் கவனிக்கத்தக்கவை வீதிக் குறிகள். முற்காலத்தில் அவை இடத்துக்கு இடம் வேறுபட்டு, அருகிற் சென்றே படிக்கவேண்டியவையாக இருந்தன. வேகம் கூடியபோது அவற்றைப் படிக்க நேரம் போதவில்லை. ஜொக் கினியர் என்பவரும், அவரிடம் பயின்ற மார்கரெட் கல்வெர்ட் என்னும் பெண்மணியும் புதிய குறிகளை வரைந்தனர். அவை 1965 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தன. முக்கோணம் எச்சரிக்கும், வட்டம் கட்டளையிடும், நாற்சதுரம் செய்தி சொல்லும். மொழி அறியாதவரும் இவ்விலக்கணத்தை ஒரே நாளிற் கற்றுக்கொள்ளலாம். பாடசாலைக்கு அருகில் வைக்கப்படும் பழைய குறியில் ஒரு பையன் சிறுமியை அழைத்துச் செல்வான். கல்வெர்ட் அம்மையார் அதனை மாற்றி, ஒரு சிறுமி தன்னிலும் இளைய பையனைக் கைப்பிடித்துச் செல்வதாக வரைந்தார். சிறு மாற்றமே எனினும், வேகமாக வருபவர் மனத்தில் ஒரு தங்கையையும் தம்பியையும் நினைவூட்டும் ஓவியம் அது.

இறுதியாக, பெரும்பாலான பிரயாணிகள் காணாமலே திரும்பும் கருவியொன்று உண்டு. பாதசாரி பொத்தானை அழுத்தி, விளக்கு மாறியபின் கடக்கும் இடங்கள் பல அங்கு இருக்கின்றன. பொத்தான் அமைந்த பெட்டியின் அடியைக் கையால் தடவிப் பார்த்தால், வரிகள் உள்ள ஒரு சிறு கூம்பு விரலிற் படும். நடப்பவருக்குரிய பச்சை விளக்கு எரியும்போது அது சுழலும். கண்பார்வை அற்றவர் அதன்மேல் விரலை வைத்துக் காத்திருந்து, அது சுழலத் தொடங்கியதும் கடப்பார். ஒலியால் அறிவிக்கலாமே எனின், அடுத்தடுத்து இரு கடவைகள் உள்ள இடத்தில் எது ஒலித்தது என்ற மயக்கம் நேரும். செவிப்புலனும் இழந்தவருக்கோ ஒலி பயன்படாது. ஆகவே 1980 களில் நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் இக்கூம்பு உருவாக்கப்பட்டது. வேண்டியவர் மட்டுமே அறியும்படி, பிறர் கண்ணுக்கு மறைவாக அது தன் பணியைச் செய்கிறது.

இந்நான்கும் ஒரே கருத்தின் வெவ்வேறு வடிவங்கள் எனலாம். பனியில் வழி தெரியாதவர், வண்டியில்லாதவர், மொழி அறியாதவர், கண் காணாதவர் என, அந்தந்த வேளையில் வலிமை குன்றியிருப்பவரை எண்ணியே ஒவ்வொன்றும் அமைக்கப்பட்டது. இவற்றோடு சட்டமும், நல்ல வண்டிகளும், மருத்துவமும் சேர்ந்தமையால், கார்கள் மூன்று கோடிக்கு மேலாகப் பெருகிய பின்னரும், 2023 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வீதியில் இறந்தோர் தொகை 1,624 ஆகக் குறைந்திருந்தது.

இலங்கையிலும் வண்டிகள் இடப்புறமாகவே செல்கின்றன. வீதிக் குறிகளும் உண்டு. மஞ்சட் கடவை என மக்கள் வழங்கும் கடவையும் பாடசாலைகளின் முன்னே தீட்டப்பட்டுள்ளது. கருவிகளைப் பிறநாட்டிலிருந்து கப்பலில் ஏற்றி வரலாம். கடவையின் ஓரத்தில் புத்தகப் பையுடன் நிற்கும் பிள்ளையைக் கண்டதும் வண்டியை நிறுத்தும் பழக்கத்தையோ, ஒவ்வொரு சாரதியும் தாமே தேடிக்கொள்ளவேண்டும்.