காலி பண்ணாத குடித்தனக்காரர்!

கல்யாணச் சந்தையில் 'சோடாபுட்டி'க்கு மவுசு கம்மி. சுண்ணாம்புக்குளத்தில் நான் சந்தித்த இளைஞர் அதனாலேயே கான்டாக்ட் லென்ஸுக்கு மாறியவர். வாரம் ஆறு நாள் கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ். ஞாயிறானால் அப்பாவோடு பழவேற்காடு ஏரியில் வலை.

"லென்ஸைக் கழட்டிட்டுத்தானே தம்பி தண்ணியில இறங்குவீங்க?"

"கழட்டினா வலை எது, அப்பா எதுன்னே தெரியாது சார்!"

சிரித்துவிட்டேன். ஆனால் விஷயம் சிரிப்பதற்கில்லை.

அகாந்தமீபா என்று ஒரு ஜீவன். பி.காம். படித்த எனக்கு அமீபா என்றால் ஸ்கூல் சயின்ஸ் நோட்டில் வரைந்த கோணல் தோசைதான். இவர் அதன் ரவுடி உறவுக்காரர். ஏரி, கடல், சேறு, ஏன், வீட்டுக் குழாய்த் தண்ணீரில்கூட இருப்பார். லென்ஸில் ஒட்டிக்கொண்டு, கருவிழியில் சின்னதாக ஒரு கீறல் கிடைத்தால் போதும், உள்ளே குடித்தனம்தான். மருந்து விட்டால் இரட்டைச் சுவர்க் கூடு கட்டிக்கொண்டு பதுங்கிவிடுவார். சாதாரண ஆன்டிபயாடிக் சொட்டெல்லாம் இவரிடம் பலிக்காது. இதற்கென்று உள்ள மருந்தை ஆரம்பத்தில் ராத்திரி பகல் பார்க்காமல் மணிக்கொரு தரம் விடவேண்டும். அப்புறமும் மாதக்கணக்கில் தொடரும். அதற்கும் மசியாவிட்டால் கருவிழி மாற்று ஆபரேஷன்.

1980-களில் அமெரிக்காவில் பலர் இப்படி மாட்டினார்கள். உப்பு மாத்திரையை வீட்டிலேயே டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து லென்ஸ் கழுவியது முக்கியக் காரணம். சிக்கனம்!

'அப்ப லென்ஸ் போடாதவன் தப்பிச்சானா?' என்கிறீர்களா? அங்கேதான் நம்ம ஊர்க் கதை வேறு. 1990-ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் எழுதிய கட்டுரை, லென்ஸே போடாதவர்களுக்கு இந்த நோய் வந்ததைப் பற்றியது. இந்தியாவில் பெரும்பாலான நோயாளிகள் அப்படித்தான். கண்ணில் மண்ணோ தூசியோ விழுந்தவர்கள், அழுக்குத் தண்ணீர் தெறித்தவர்கள். நம்ம தம்பிக்கோ ஏரியும் உண்டு, லென்ஸும் உண்டு. அக்கவுண்ட்ஸ்காரர் பாஷையில் டபுள் என்ட்ரி!

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய சோடாபுட்டியைக் கயிறு கட்டி மாட்டிக்கச் சொன்னேன். ஏரியில் பெண் வீட்டார் வரப்போவதில்லை. லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் அலசுவதும், நேற்றைய கரைசல் மேலேயே இன்றைக்கும் ஊற்றுவதும் கூடவே கூடாது. எச்சில் தொட்டு மாட்டும் ஆபீஸ் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். லென்ஸோடு குளிக்காதீர்கள், தூங்காதீர்கள்.

கண் சிவந்து, வெளிச்சம் கூசி, தாங்க முடியாமல் வலித்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அமீபாவுக்குத் தீபாவளி. நேராகக் கண் டாக்டரிடம் போங்கள். இது வைரஸால் வரும் கருவிழிப் புண் போலவே தோன்றுவதால் டாக்டர்களே ஏமாறுவதுண்டு. அதனால் ஏரியில் இறங்கியதையும் சொல்லிவிடுங்கள். லென்ஸ் டப்பாவைக் கழுவாமல் அப்படியே எடுத்துப் போங்கள். அதையும் லேபில் சோதித்துப் பார்ப்பார்கள்.