விற்காத துணியின் நட்டம் யாருக்கு?

பெருநாளைக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போதே கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள புடவைக்கடை முதலாளிமாரைக் கவலை பிடித்துக்கொள்ளும். கொழும்பில் எந்தச் சரக்கை எடுப்பது, எவ்வளவு எடுப்பது? சென்ற வருடம் பெண்கள் போட்டி போட்டு வாங்கிய அபாயா மாதிரியை இவ்வருடம் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். குறைவாக எடுத்தால் பெருநாள் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். கூடுதலாக எடுத்தால் மிஞ்சியது அலுமாரியில் கிடந்து பழசாகும். புடவை வியாபாரத்தில் பாதி அறிவு இந்த ஊகத்தில்தான் இருக்கிறது.

ஐரோப்பாவின் பெரிய ஆடைக் கம்பனிகளுக்கும் இதே கவலைதான். அளவுதான் வேறு. முன்பு ஒரு கோடைகால ஆடையை ஆறு மாதங்களுக்கு முன்னரோ அதற்கும் முன்னரோ தீர்மானித்தாக வேண்டும். மாதிரி தைத்து, நிறம் பார்த்து ஒப்புதல் கொடுத்து, துணி நெய்வித்து, தைப்பித்து, கப்பலேற்றி, கடைக்குக் கொண்டுவருவதற்குள் மக்களின் ரசனை மாறியிருக்கும். அப்போது பாதி விலைக்குத் தள்ளுவதைத் தவிர வழியில்லை.

இந்த ஊகத்தையே குறைத்துவிட்டால் என்ன என்று சிந்தித்தவர்களில் முக்கியமானவர் ஸ்பெயின் தேசத்தின் அமான்சியோ ஒர்தேகா. 1975ல் லா கொருன்யா நகரில் ஸாரா என்ற முதற் கடையைத் திறந்தார். சாதாரண உடுப்புகளைத் தூர தேசங்களில் மலிவாகத் தைப்பித்து, நாகரிக உடுப்புகளை ஸ்பெயின், போர்த்துக்கல், மொரோக்கோ, துருக்கி போன்ற பக்கத்து நாடுகளில் தைப்பிப்பது அக்கம்பனியின் முறை. நிறம் ஏற்றாத துணியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த நிறம் ஓடுகிறது என்று தெரிந்த பின்னரே சாயமிடுவார்கள். வரைந்த உடுப்பு இரண்டு மூன்று வாரங்களில் கடைக்கு வந்துவிடும். கூலி கூடத்தான். ஆனால் விற்காமல் மிஞ்சுவது குறைவு என்பதால் கணக்கு சரியாகிவிடுகிறது.

இணையம் வந்த பிறகு கடையும் தேவையில்லை என்றாயிற்று. இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது சீனாவில் 2008ல் தொடங்கப்பட்ட ஷீஇன் நிறுவனம். இன்று அதன் தலைமையகம் சிங்கப்பூரில். ஒரு புதிய மாதிரியை அது முதலில் நூறு அல்லது இருநூறு மட்டுமே தைப்பிக்கிறது. படம் இணையத்தில் ஏறியதும் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கூடையில் போட்டார்கள் என்பதைக் கணினி எண்ணுகிறது. ஓடினால் மறு ஓடர், ஓடாவிட்டால் அந்த மாதிரி அத்துடன் முடிந்தது. குவாங்சோ நகரின் பன்யூ பகுதியில் நெருக்கமாக அமைந்த சிறு தையற்கூடங்களே இதற்கு அடித்தளம். துணிச் சந்தை, பொத்தான் கடை, தையற்கூடம், களஞ்சியம் எல்லாம் கூப்பிடு தூரத்தில். ஓடர் வருவதும் பொருள் போவதும் ஒரே கணினி அமைப்பில் பதிவாகின்றன. தாமதிப்பவருக்கும் தரம் குறைந்தவருக்கும் புள்ளி குறையும், அடுத்த ஓடரும் குறையும்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். சீனாவில் தையற்கூடங்களுக்கு மூன்று மாதம் வரை காசை இழுத்தடிப்பது வழக்கமாக இருந்த காலத்தில், இக்கம்பனி ஒரு மாதத்துக்குள் கொடுத்தது. சிறியவர்கள் அதன் பின்னால் திரண்டதற்கு அது பெரிய காரணம். மறுபக்கத்தில், சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு 2021ல் வெளியிட்ட அறிக்கை, அக்கூடங்கள் சிலவற்றில் வாரத்துக்கு 75 மணி நேர வேலையும் மாதத்துக்கு ஒரு நாள் ஓய்வும் இருந்ததாகக் கூறியது. வேகம் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவரின் தூக்கத்திலிருந்துதான் அது எடுக்கப்படுகிறது.

நாம் எங்கே நிற்கிறோம்?

தைத்த ஆடை ஏற்றுமதி இலங்கைக்கு வருடாந்தம் ஏறத்தாழ 5 பில்லியன் டொலரைக் கொண்டுவருகிறது. 1977ன் திறந்த பொருளாதாரமும், 1978ல் கட்டுநாயக்கவில் வந்த வர்த்தக வலயமும், 1992ல் ஜனாதிபதி பிரேமதாச கிராமங்களை நோக்கிக் கொண்டுபோன 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டமும் இதை வளர்த்தன. 2005 ஜனவரி முதலாம் திகதி உலக ஆடைக் கோட்டா முறை முடிவுக்கு வந்தபோது சிறிய தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. தப்பியவை எம்.ஏ.எஸ்., பிரண்டிக்ஸ், ஹிர்தாரமணி போன்ற பெரிய நிறுவனங்கள். மலிவில் பங்களாதேஷுடன் போட்டியிட முடியாது என்று கண்ட அவை, உள்ளாடை, விளையாட்டு உடை என்று நுணுக்கமான தையலுக்கு மாறின.

வேகத்தில் நமக்குள்ள பெருங்குறை துணிதான். பருத்தி இங்கே தொழிலுக்குப் போதிய அளவில் விளைவதில்லை. துணியில் பெரும்பகுதி சீனாவிலும் இந்தியாவிலும் இருந்து கப்பலில் வருகிறது. அவிசாவளையிலும் பியகமவிலும் பின்னல் துணி ஆலைகள் உண்டு, துல்ஹிரியவில் பழைய அரச புடவை ஆலை இருந்த இடத்தில் எம்.ஏ.எஸ். ஒரு துணிப் பூங்காவை நடத்துகிறது. இவை இல்லையென்றால் நமது நிலை இன்னும் பின்தங்கியிருக்கும். தைத்து முடித்த பின் ஐரோப்பாவுக்கு மூன்று நான்கு வாரக் கடற்பயணம். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பின் பல கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போயின. அதனால் மேலும் பத்து நாட்கள் அளவில் கூடின. பன்யூ தையற்காரருக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை.

உள்ளே நடப்பதையும் அறியவேண்டும். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள், புது மாதிரி லைனுக்கு வரும் நாளில் ‘டாகட்’ எட்டாது என்பார்கள். கை பழகச் சில நாட்கள் வேண்டும். இருபதாயிரம் உடுப்பு ஓடரில் அந்தச் சில நாட்களின் நட்டம் கரைந்துவிடும். ஐந்நூறு உடுப்பு ஓடரில் கை பழகும்போதே ஓடர் முடிந்துவிடும். விலையோ கை பழகிய வேகத்துக்கே பேசப்படுகிறது. மிச்சத்தை யார் ஈடுசெய்வது? மேலதிக நேர வேலைதான். இன்னொன்று, குறித்த திகதிக்குக் கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்பவேண்டும். விமானக் கூலி பெரும்பாலும் தொழிற்சாலையின் தலையில். ஒரே ஒரு விமானக் கூலி அந்த ஓடரின் இலாபம் முழுவதையும் தின்றுவிடும்.

ஓடரை முறிப்பது

ஆக, வேகத்தின் இரகசியம் ஊகத்தைக் குறைப்பது என்று சொன்னாலும், பல இடங்களில் அது ஊகத்தின் நட்டத்தை வாங்குபவரிடமிருந்து தைப்பவருக்கு இடம் மாற்றுவதாகவே முடிகிறது. இது 2020ல் பகிரங்கமாயிற்று. கொரோனா வந்ததும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மேற்கத்திய கம்பனிகள் ஓடர்களை நிறுத்தின, இரத்துச் செய்தன. தைத்துப் பெட்டியில் அடைத்தவற்றையும் ஏற்க மறுத்தவர்கள் உண்டு. பங்களாதேஷில் மட்டும் 3 பில்லியன் டொலருக்கு மேற்பட்ட ஓடர்கள் பாதிக்கப்பட்டன என்று அந்நாட்டு உற்பத்தியாளர் சங்கம் அறிவித்தது. எச் அன்ட் எம், ஸாராவின் தாய்க் கம்பனியான இன்டிடெக்ஸ் போன்றவை தைத்தவற்றுக்குப் பணம் தருவதாகப் பின்னர் ஒப்புக்கொண்டன. எல்லோரும் அப்படிச் செய்யவில்லை.

அறபுக் கல்லூரியில் பிக்ஹு படித்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை புதிதல்ல. செய்யப்படாத பொருளை விற்பது எப்படி என்பது அங்கே ஒரு தனிப் பாடம். நமது ஷாபிஈ மத்ஹபில் இது ‘ஸலம்’ என்ற ஒப்பந்தத்தின் கீழ் வரும். பொருள் பிறகு வரும், விலை முழுவதும் ஒப்பந்தம் செய்யும் இருப்பிலேயே கொடுக்கப்படவேண்டும். அதாவது, வாங்குபவரின் காசில்தான் நூல் வாங்கப்படும். ஹனபி மத்ஹபினர் ‘இஸ்திஸ்னாஃ’ என்ற பெயரில் விலையைப் பிற்படுத்த இடமளித்தார்கள். ஆனால் பொருளைக் காணும் வரை வாங்குபவர் விலகலாமா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. 1869க்கும் 1876க்கும் இடையில் உஸ்மானிய அரசு தொகுத்த மஜல்லா சட்டம் தன் 392ஆம் பிரிவில் இமாம் அபூயூஸுபின் கருத்தை எடுத்துக்கொண்டது. ஒப்பந்தம் ஆனபின் இருவருமே விலக முடியாது. சொன்னபடி பொருள் இல்லாவிட்டால் மட்டும் வாங்குபவருக்குத் தெரிவுரிமை உண்டு. ஓடர் கொடுத்தவன் முறித்தால் கைவினைஞன் நாசமாவான் என்பதை அந்தச் சட்டக்காரர்கள் விளங்கியிருந்தார்கள். இன்று நடப்பது இதற்கு நேர்மாறு. தொழிற்சாலை வங்கிக் கடனில் துணி வாங்கி, சம்பளம் கொடுத்து, பொருளை அனுப்பிவிட்டு, 60 அல்லது 90 நாட்கள் காத்திருக்கிறது.

காத்திருக்க இயலாதவர்கள் ஒதுக்கப்படுகிறார்கள். வழங்குநர் நிர்வாகம் என்று இன்று பேசப்படுவதில் ஒரு பகுதி இதுதான். நூறு தொழிற்சாலைகளை இருபதாகக் குறைப்பது, அந்த இருபதையும் விலை, தரம், நேரம் என்று புள்ளியிட்டு ஒன்றோடொன்று மோதவிடுவது. சொந்தத் தொழிற்சாலையும் தப்புவதில்லை. விற்பனையில் பாதிக்கு மேல் இணையத்தில் செய்யும் பிரித்தானியாவின் நெக்ஸ்ட் கம்பனி, 2025 மே மாதத்தில் கட்டுநாயக்கவிலிருந்த தனது தொழிற்சாலையை மூடியது. செலவு கூடிவிட்டது என்பது கம்பனி சொன்ன காரணம். 1,416 பேருக்கு வேலை போயிற்று. அந்தக் கம்பனியின் இணையக் கடை அன்றும் திறந்துதான் இருந்தது.

யுத்தம் முடிந்த பின் கிழக்கிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. மட்டக்களப்பு மாவட்டத்தின் புணாணையில் பிரண்டிக்ஸ் ஒன்றை நடத்துகிறது. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் தொழில் கிடைப்பதைப் பெற்றோர் விரும்புகிறார்கள். கட்டுநாயக்க போர்டிங் அறையைவிட அது எவ்வளவோ மேல் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் தொழிற்சாலை வருகிறது என்ற செய்தி கேட்டதும் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் விசாரிக்கிறோம். யாருக்குத் தைக்கிறது, ஓடர் பெரிதா சிறிதா, எத்தனை மாதத்துக்கு ஓடர் கையில் இருக்கிறது, மேலதிக நேரம் கட்டாயமா என்பதை ஒருவரும் கேட்பதில்லை. இந்த விடயங்களை நமது கிராம அபிவிருத்திச் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கேட்கலாம். கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை.

பெரும் கப்பல்கள் நுழையக்கூடிய இயற்கைத் துறைமுகம் திருகோணமலையில் இருக்கிறது. கோதுமையும் சீமெந்துக்கான மூலப்பொருளும் எண்ணெயும் அதன் வழியே வருகின்றன. கிழக்கில் தைக்கப்படும் ஆடைப் பெட்டிகளோ லொறியேறி, நாட்டின் குறுக்கே கொழும்புத் துறைமுகத்துக்குப் போய்த்தான் கப்பல் பிடிக்கின்றன. திகதி பிந்தினால் விமானக் கூலி கட்டவேண்டிய தொழிலில், அந்த லொறிப் பயணமும் தைக்கும் நேரத்திலிருந்தே கழிக்கப்படுகிறது.