நடுவில் இருப்பதை விடுங்கள், ஓரத்தைப் பாருங்கள்!

“அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கி, அதில் பாதி.” முக்கோணத்தின் பரப்பளவுக்கான இந்தச் சூத்திரம் தொடக்கநிலை 5 மாணவர்களுக்கு மனப்பாடம். ஆனால், அதே முக்கோணம் ஒரு சதுரத்துக்குள் சாய்ந்து நின்றால் பலர் திணறுகிறார்கள். சாய்ந்த பக்கத்தையே உயரமாக எடுத்துக்கொண்டு மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

வீட்டிலேயே செய்து பாருங்கள். 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத் தாளில், வலது ஓரத்தின் நடுவிலும் கீழ் ஓரத்தின் நடுவிலும் புள்ளி வையுங்கள். இரண்டையும் கோட்டால் இணையுங்கள். மேல் இடது மூலையிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கோடு வரையுங்கள். நடுவில் ஒரு முக்கோணம் கிடைக்கும்.

அதன் உயரத்தைத் தேட வேண்டாம். சுற்றிலும் உள்ள மூன்றும் செங்கோண முக்கோணங்கள். மேலே 25, இடப்புறம் 25, வலது கீழ் மூலையில் 12.5, மொத்தம் 62.5 சதுர சென்டிமீட்டர். சதுரத்தின் 100இலிருந்து கழித்தால் விடை 37.5.

பெற்றோரே, பிள்ளை தடுமாறும்போது விடையைச் சொல்லிவிடாதீர்கள். “உனக்குத் தெரிந்த பகுதி எது?” என்று மட்டும் கேளுங்கள். அங்கிருந்து அவர்களே வழி கண்டுபிடிப்பார்கள்.