மெலிந்த பணப்பையும் புதுவை நகரும்

பயணக் கட்டுரை எழுதுவோரிற் பலர் தாம் கண்ட காட்சிகளை விரிவாக எழுதுவர். அவற்றைக் காண என்ன செலவாயிற்று என்பதை எழுதார். இளைப்பாற்றுச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் என்போன்ற ஆசிரியர்க்கோ இரண்டாவது செய்தியே முதலில் வேண்டப்படுவது. 2022 ஆம் ஆண்டில் நம் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின் அந்த வேண்டுதல் இன்னும் கூடியிருக்கிறது. "புதுவைக்கா போகிறீர்? அது பணக்காரர் உல்லாசமாக இருக்கப் போகும் ஊர் அல்லவா?" என்று நண்பர் ஒருவர் என்னைத் தடுத்தார். ஐந்து நாள் அங்கே தங்கித் திரும்பிய பின் அவருக்குச் சொல்லக்கூடிய மறுமொழி என்னிடம் உண்டு. அதுவே இக்கட்டுரை.

தலைமன்னாரிற் கப்பலேறி இந்தியாவுக்குப் போன தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 1964 ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1984 இல் நின்றது. அதன்பின் ஏழைப் பயணிக்குக் கடல்வழி அடைபட்டிருந்தது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்றுபோன கப்பற் சேவை, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கிற்று. மாரிக்காற்றுக்கு அஞ்சி இடையில் நிறுத்தப்பட்டு, 2025 மாசியில் மறுபடி ஓடத் தலைப்பட்டது. பங்குனி மாதத்தில் நான் அதில் ஏறினேன். ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் நாகை தெரிந்தது. அன்றிரவை ஒரு நண்பர் வீட்டிற் கழித்து, மறுநாட் காலை புதுவை பஸ்ஸில் அமர்ந்தேன்.

அந்தப் பஸ் பயணத்தையே ஒரு சரித்திர பாடம் எனலாம். நாகை, 1658 முதல் 1781 வரை ஒல்லாந்தர் கையிலிருந்த ஊர். சிறிது வடக்கே காரைக்கால், 1739 இலிருந்து பிரெஞ்சுக்காரருடையது. அடுத்து வருவது 1620 இல் டேனியர் கோட்டை கட்டிய தரங்கம்பாடி. ஒரே பயணச் சீட்டில் மூன்று ஐரோப்பிய அரசுகளின் பழைய எல்லைகளைக் கடந்து, சிதம்பரத்தையும் கடலூரையும் தாண்டி, நண்பகலுக்குப் பின் புதுவையை அடைந்தேன்.

பஸ் நிலையத்துக்கு அருகே மலிவான தங்குமிடங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றிற் புகுந்து அறை கேட்டேன். மேசையிலிருந்த இளைஞர் என் பேச்சைக் கேட்டுப் புன்னகை புரிந்தார். அறை உண்டு என்றார். அடையாளச் சீட்டைக் கேட்டார். கடவுச்சீட்டை எடுத்து வைத்தேன். அவர் முகம் மாறிற்று.

"ஐயா, நீங்க வெளிநாட்டுக்காரருங்களா? வெளிநாட்டுக்காரங்களுக்கு நாங்க ரூம் தர்றதில்லைங்க."

"தம்பி, என்னைப் பார்த்தால் வெளிநாட்டவன்போலவா தெரிகிறது?"

"பார்த்தாத் தெரியலைங்க ஐயா. புத்தகத்துல அப்படித்தானே போட்டிருக்கு?"

அவர்மீது குற்றமில்லை. அந்நிய நாட்டார் எவர் தங்கினும் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அந்தத் தொல்லைக்கு அஞ்சிச் சிறு விடுதிக்காரர் பலர் அந்நியரை ஏற்பதேயில்லை. இரண்டாவது இடத்திலும் இதே விடை கிடைத்தது. பெட்டியுடன் தெருவில் நின்றபோது ஒரு நினைவு வந்தது. பிரான்சுவா மார்த்தேன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1674 இல் இங்கு வந்து அமர்ந்தது, பீஜப்பூர் அரசின் அதிகாரி செர்கான் லோடி அளித்த இசைவின் பேரிலேயாம். அந்த அனுமதி, இடையிடையே போர்கள் குறுக்கிட்டாலும், 1954 வரை இருநூற்றெண்பது ஆண்டு செல்லுபடியாயிற்று. என்னுடையதோ முப்பது நாள் அனுமதி. அதற்கும் படுக்க இடமில்லை!

தேநீர்க்கடைக்காரர் ஒருவர் வழிகாட்டினார். "ஆசிரமத்துக் கெஸ்ட் ஹவுஸ்ல கேட்டுப் பாருங்க ஐயா. ராத்திரி பத்தரைக்குக் கதவைச் சாத்திடுவாங்க. சிகரெட்டு, குடி ஒண்ணும் ஆகாது" என்றார். இவற்றால் எனக்கு ஓர் இடையூறும் இல்லை. அரவிந்தர் ஆசிரமத்தார் நடத்தும் விடுதிகளில் ஒன்றிலே தூய்மையான சிறு அறை கிடைத்தது. செல்ல விரும்பும் அன்பர்கள் இரண்டைக் கவனிக்க. முதலாவது, இடத்தை முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுதல் நலம். இரண்டாவது, சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டம் வந்து அறைக்கூலி ஏறிவிடும்; வாரநாட்களே நமக்கு உரியவை.

நகரைப் பார்க்கக் கால்களே போதும். கால் நோகுமாயின் வாடகை மிதிவண்டி உண்டு. 1693 முதல் 1699 வரை புதுவை ஒல்லாந்தர் வசம் இருந்தது. தெருக்களை நூல் பிடித்தாற்போல் நேராக வகுத்த திட்டம் அவர்கள் காலத்ததே என்பர். ஆகவே வழிதவறுதல் அரிது. கடலை அடுத்த கிழக்குப் பகுதி வெள்ளையர் நகர். வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் நகர். முன்னதை வெள்ளை நகர் என்றும் பின்னதைக் கறுப்பு நகர் என்றும் பிரெஞ்சுக்காரர் அழைத்தனர்.

இரண்டுக்குமுள்ள வேற்றுமையை வீட்டு வாயில்களே சொல்லும். கிழக்கே உயர்ந்த மதில், பெரிய கதவு, மஞ்சட் சுண்ணம், மதிலுக்கு மேலே தலைநீட்டும் காகிதப்பூங்கொடி. உள்ளே முற்றமும் மரங்களும் இருக்கும். தெருவிற் போவோனுக்கு அவை இல்லை. மேற்கே வாய்க்காலைக் கடந்தால் வீட்டின் முகம் மாறுகிறது. மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரமும் அதன்கீழ்த் திண்ணையும் தெருவை நோக்கி அமைந்துள்ளன. திண்ணை வழிப்போக்கனுக்காகக் கட்டப்பட்டது. இத்தகைய வீடுகளைப் பழைய வண்ணம் புதுக்கிய வைசியாள் வீதிக்கு 2008 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பரிசு கிடைத்தது. வெயில் ஏறிய ஒரு காலையில் அங்கே ஒரு திண்ணையில் அமர்ந்தேன். உள்ளிருந்து வந்த மூதாட்டி, "உக்காருங்க, தண்ணி வேணுமா?" என்றாரே தவிர, யார் எவர் என்று கேட்டாரல்லர். அந்தத் திண்ணையிற் கடவுச்சீட்டுக்கு வேலை இல்லை.

பெரிய கடைத்தெருவை அடுத்து ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. டூப்ளேயின் துபாஷியாக விளங்கிய அவர், 1736 முதல் 1761 வரை தம் நாட்குறிப்பைத் தமிழில் எழுதினார். கப்பல் வரவு, துணி விலை, போர், வதந்தி, சாதிப் பூசல் யாவும் பேச்சு வழக்கிலே அதில் உள்ளன. 1761 தையில் நகரம் ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் மறைந்தார். ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினர். இன்று நாம் காணும் வெள்ளை நகர் அதன்பின் எழுந்தது. பிள்ளையின் வீடோ தப்பிற்று, நாட்குறிப்பும் தப்பிற்று. புதுவையிற் பிறந்த பிரபஞ்சன் அதனை அடிப்படையாகக் கொண்டே 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் நாவல்களைப் படைத்தார்.

காசின்றிக் காணத்தக்கவற்றுள் இன்னொன்று, பாரதி பூங்காவின் நடுவிலுள்ள ஆயி மண்டபம். ஆயி என்பவள் ஒரு கணிகை. அவளுடைய மாளிகையைக் கோயிலென்று எண்ணி அரசன் ஒருவன் வணங்கினானாம். உண்மை அறிந்து அவன் சினந்தபோது, அவளே தன் வீட்டை இடித்து அங்கே குளம் வெட்டினாளாம். இது கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்கு நன்னீர் கொணரப்பட்டதும், அதன் நினைவாக மண்டபம் எழுந்ததும் வரலாறு. பேரரசன் ஒருவனுடைய காலத்து நினைவுச்சின்னம் ஊர்மக்கள் வாயில் ஒரு கணிகையின் பெயரால் வழங்குகிறது.

1955 இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வாயிலிலும் சிறிது நேரம் நின்றேன். சைவ ஆகம ஏடுகள் பல்லாயிரம் அந்நகரிற் பேணப்படுகின்றன. 2005 இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. 1981 இல் யாழ்ப்பாண நூல்நிலையம் எரிந்ததைக் கண்டவன் நான். எங்கோ ஓரிடத்தில் நம் ஏடுகள் பத்திரமாக இருக்கின்றன என்பது அந்த வாயிலில் எனக்கு ஆறுதலாயிற்று.

ஒரு நாளைப் பஸ் கட்டணம் மட்டும் செலவிட்டு அரிக்கமேட்டுக்குக் கொடுத்தேன். 1945 இல் வீலர் அகழ்ந்து உரோம நாட்டு மட்கலங்களை வெளிக்கொணர்ந்த இடம் அது. இடிந்த செங்கற்சுவரும் மாமரமும் ஆறும் தவிர இப்பொழுது அங்கே காண்பதற்கு அதிகமில்லை. ஆயினும் அங்கே கிடைத்த சில்லிட்ட கோலமுடைய மட்கல வகை நம் கந்தரோடையிலும் கிடைத்தது என்பதை அறிந்தவனுக்கு அந்த வெற்றுமேடு வெற்றுமேடன்று. எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இருகரைக்கும் கப்பல் ஓடியிருக்கிறது.

ஆசிரியர்கள் மறவாமற் செல்லவேண்டியது பெருமாள் கோயில் தெரு. 1891 இற் பிறந்த கனகசுப்புரத்தினம், நாம் அறிந்த பாரதிதாசன், வாழ்ந்த வீடு அங்கே அருங்காட்சியகமாக உள்ளது. அவர் 1909 இல் காரைக்காலைச் சேர்ந்த நிரவியில் ஆசிரியரானார். 1946 வரை முப்பத்தேழு ஆண்டு பள்ளிக்கூடத்திற் கற்பித்தார். நம்மைப்போற் சம்பளத் தேதியை எதிர்பார்த்திருந்த ஒருவர், வகுப்பு முடிந்தபின் எழுதியவையே அக்கவிதைகள் என்பதை அவ்வீட்டில் நின்று நினைத்தல் நன்று.

இறுதி நாளை ஈசுவரன் தருமராசா கோயில் தெருவுக்கென வைத்திருந்தேன். ஆங்கில அரசின் கைக்கு அகப்படாமல் 1908 இல் வந்த பாரதியார் 1918 வரை இந்நகரிற் தங்கினார். 1910 இல் அரவிந்தர் வந்தார், வ. வே. சு. ஐயரும் வந்தார். வெறுங்கையுடன் வந்தவர்களுக்கு இந்நகர் இடங்கொடுத்தது. 'பாஞ்சாலி சபத'மும் 'கண்ணன் பாட்'டும் 'குயிற் பாட்'டும் அந்தப் பத்தாண்டில் விளைந்தவை. அத்தெருவில் அவருக்கு வீடு வாடகைக்குக் கொடுத்திருந்த செட்டியாரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. வாடகை கேட்க வருவாராம், கவிஞர் பாடிக்கொண்டிருப்பாராம், கேட்டு நின்றுவிட்டு, வாடகையைக் கேளாமலே திரும்பிப் போவாராம்.

நகருக்கு வடக்கே, கடற்கரைச் சாலையில், தமிழ்நாட்டு எல்லைக்குள், கீழ்ப்புத்துப்பட்டிலே நம் நாட்டு அகதிகளின் முகாம் ஒன்று உண்டு. பலகாலமாய் அங்கே வாழ்ந்தும் அவர்களும் 'வெளிநாட்டுக்காரர்' என்றே எழுதப்பட்டவர்கள். செட்டியாரின் கதையை எண்ணியபோது அவர்களையும் எண்ணாதிருக்க என்னால் முடியவில்லை. முப்பது நாள் அனுமதி பெற்றவனுக்குத் திரும்பிச் செல்ல வீடு இருக்கிறது.

என்னைத் தடுத்த நண்பருக்கு நான் சொல்வது இதுவே. புதுவையின் மதில்களுக்கு உட்புறம் பணமுள்ளவர்க்கு உரியது. அதன் தெருக்களும் திண்ணைகளும், கடற்காற்றும், கவிஞர் இருவரின் வீடுகளும் நம்மவை. மெலிந்த பணப்பையோடு போனவன் மதிலுக்கு வெளியே நிற்க நேரும். அங்கே நின்றால்தான் திண்ணை கண்ணிற் படும்.