குடிநீர்ப் புளூரைடும் பல்துறை ஆராய்ச்சியும்: ஓசூர், கிருட்டிணகிரி வட்டாரம் பற்றிய ஒரு நோக்கு

1. முன்னுரை

பல்கலைக்கழகங்களில் இன்று நிகழும் ஆராய்ச்சி பல கிளைகளாகப் பிரிந்து வளர்ந்துள்ளது. மருத்துவர் நோயின் காரணத்தை ஆராய்கின்றார்; பொறியியலார் கருவிகளையும் அமைப்புகளையும் ஆராய்கின்றார்; செய்தித் தொடர்புத் துறையார் ஒரு கருத்து மக்களைச் சென்றடையும் வழியை ஆராய்கின்றார்; கல்வித் துறையார் கற்கும் முறையை ஆராய்கின்றார். இத்துறைகள் ஒவ்வொன்றும் தனக்கெனக் கலைச்சொற்களும் ஆய்விதழ்களும் அளவைமுறைகளும் உடையது. இப்பிரிவு அறிவு வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும், மக்கள் வாழ்வில் எழும் சிக்கல்கள் துறைவாரியாகப் பிரிந்து வருவதில்லை. ஒரு குடம் குடிநீரில் நான்கு துறைகளும் ஒருங்கே கூடியிருத்தலைக் காணலாம். இதனைத் தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கருநாடகத்தை ஒட்டியுள்ள ஓசூர், கிருட்டிணகிரி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதும், அங்குத் தமிழ்த்துறைக்குரிய பங்கு யாதெனக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நிலமும் நீரும்

இவ்வட்டாரம் 1965 வரை சேலம் மாவட்டத்திலும், அதன்பின் தருமபுரி மாவட்டத்திலும் அடங்கியிருந்தது. 2004-இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூர், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயர்ந்த மேட்டு நிலம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கு உருவாயிற்று. அடுத்த பத்தாண்டுகளில் மோட்டார் வாகனங்களும் கைக்கடிகாரங்களும் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. மயிரிழையினும் நுண்ணிய அளவுகளைப் பிசகாது காக்கும் தொழில்திறன் இவ்வூரில் நிலைபெற்றது.

இம்மாவட்டத்தின் சிற்றூர்களில் வேறொரு நுண்ணளவு மக்கள் வாழ்வைத் தாக்கி வந்துள்ளது. அஃது, குடிநீரில் கரைந்துள்ள புளூரைடு. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இப்பொருள் இருத்தலாகாது என்பது உலக நலவாழ்வு அமைப்பின் வரையறை. அஃதாவது, பத்து இலட்சம் பங்கு நீரில் ஒன்றரைப் பங்கு.

இந்நிலத்தின் அடியில் உள்ளவை கருங்கல்லும் அதனோடொத்த பழம்பாறைகளும் ஆகும். அவற்றிலுள்ள கரிய அப்பிரகம் முதலிய கனிமங்களிலிருந்து புளூரைடு சிறிது சிறிதாக நீரில் கரைகின்றது. பாறை வெடிப்புகளில் நீர் நெடுங்காலம் தங்குமாயின் கரைவு மிகும். நீரில் காரத்தன்மை மிகுந்து சுண்ணச்சத்துக் குறையுமாயின் மேலும் மிகும். மழைநீர் நிறைந்த ஏரிகளில் இப்பொருள் பெரும்பாலும் குறைவே. ஏரிகள் தூர்ந்து, திறந்த கிணறுகள் வற்றி, ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய இடங்களில் தீங்கும் ஆழத்திலிருந்து மேலே வந்தது. ஓர் ஊரின் ஒரு கிணற்றில் மிகுதியாகவும், அடுத்த கிணற்றில் குறைவாகவும் இருத்தலும் உண்டு. ஆதலின், ஒவ்வொரு கிணற்று நீரையும் தனித்தனியே அளந்தறிதல் வேண்டும்.

3. மருத்துவ ஆராய்ச்சி

இந்நோய் கண்டறியப்பட்ட வரலாறே பல்துறைக் கூட்டுறவுக்குச் சான்றாக அமைகின்றது. அமெரிக்க நாட்டுக் கொலராடோ பகுதியில் பல் மருத்துவர் மெக்கே என்பார், 1901 தொடங்கி அவ்வூர் மக்களின் பற்களில் படிந்திருந்த பழுப்புக் கறையின் காரணத்தைத் தேடினார். விடை கூறியவர் மருத்துவர் அல்லர். அலுமினியத் தொழில் நிறுவனம் ஒன்றன் வேதியியலாளரான சர்ச்சில் என்பார். அவர் 1931-இல் நீரைப் பகுத்தாய்ந்து, அதில் புளூரைடு இருத்தலைக் காட்டினார். பின்னர் டீன் என்பார் கறையின் கடுமையை அளக்கும் படிநிலைகளை வகுத்தார். வினா ஒரு துறையிலும், விடை மற்றொரு துறையிலும், அளவை பிறிதொரு துறையிலும் கிடைத்தமை நோக்கத்தக்கது.

இந்தியாவில் இந்நோய் முதன்முதல் விளக்கப்பட்டது, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்திலேயாம். ஷார்ட், பண்டிட் முதலியோர் 1937-இல் அதனை வெளியிட்டனர். பற்களைக் கெடுப்பதோடு நில்லாது, எலும்புகளும் மூட்டுகளும் இறுகி முதுகு வளையாத நிலைக்கு இந்நோய் மக்களைக் கொண்டு செல்லும் என்பது அவ்வாராய்ச்சியால் தெளிவாயிற்று.

உணவாராய்ச்சியும் இதனோடு தொடர்புடையது. சுண்ணச்சத்துக் குறைந்த உணவினரை இந்நோய் கடுமையாகத் தாக்குகின்றது. இவ்வட்டாரத்தின் பழைய உணவாகிய கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து உடையது. கிருட்டிணகிரியை அடுத்த பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் கேழ்வரகின் புதிய வகைகளையும் வெளியிட்டுள்ளது. உடலிலுள்ள புளூரைடு சிறுநீர்வழி வெளியேறுதலைப் புளி மிகுவிக்கின்றது என்பதனை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் சிறுவர்களிடையே ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டனர். எனினும், இவையெல்லாம் துணையே. நல்ல நீருக்கு மாற்று ஆகா.

4. பொறியியல் ஆராய்ச்சி

நீரிலிருந்து புளூரைடை நீக்கும் வழிகளுள் நம் நாட்டில் பெயர்பெற்றது நல்கொண்டா முறை. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் இதனை வகுத்தது. படிகாரமும் சுண்ணாம்பும் வெளுப்புத் தூளும் உரிய அளவில் நீரிற் கலந்து, கலக்கி, தெளியவைத்து, வடிகட்டுதலே இம்முறை. செலவு குறைவு, ஆயின், நீரின் தன்மைக்கேற்பப் படிகாரத்தின் அளவை அறிந்து நாள்தோறும் இடுதல் வேண்டும், அடியில் தங்கும் சேற்றை அகற்றவும் வேண்டும். தூண்டப்பட்ட அலுமினாவைக் கொண்டு வடிகட்டும் முறையில், சில காலத்திற்குப்பின் அப்பொருளைக் காரமும் அமிலமும் கொண்டு மீளச் செப்பனிடுதல் இன்றியமையாதது. ஒரு கருவி ஆய்வகத்தில் செவ்வனே இயங்குவது வேறு. ஊராட்சித் தொட்டியடியில் பத்தாண்டு இயங்குவது வேறு. பின்னதற்குப் பயிற்சி பெற்ற உள்ளூர்க் கைகள் தேவை.

நிலத்தடி நீரை விடுத்து ஆற்றுநீரைக் கொணர்தலே நிலையான வழி என்னும் கருத்தில் எழுந்தது ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம். சப்பான் நாட்டுக் கடனுதவியோடு அமைந்த அத்திட்டத்திற்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2013-இல் அது தொடங்கிவைக்கப்பட்டது. தாழ்ந்த காவிரிக் கரையிலிருந்து தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் மேட்டு நிலங்களுக்கு நீரை ஏற்றுதல் பெரும்பணியே. இத்திட்டத்தின் முழுப்பெயரில் குடிநீர் வழங்கலும் புளூரைடு நோய்த் தணிப்பும் இணைந்தே இடம்பெற்றுள்ளன. குழாய் இடுவதோடு பணி முடிவதில்லை என்பதனை அப்பெயரே உணர்த்துகின்றது.

5. செய்தித் தொடர்பும் மொழியும்

புளூரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, நீரில் கலந்துள்ள அளவில் சுவையும் தெரிவதில்லை. நம் நாட்டுப்புற வழக்கில் 'நல்ல தண்ணீர்' என்பது உப்புக் கரிக்காத நீரைக் குறிக்கும்; 'உப்புத் தண்ணீர்' என்பது அதன் மறுதலை. நாவின் தீர்ப்பினால் அமைந்த இப்பகுப்புப் புளூரைடைக் காட்டாது. நல்ல தண்ணீர்க் கிணறு என்று தலைமுறையாக வழங்கிய கிணறே நோய்க்குக் காரணமாதல் கூடும். அன்றியும், 'நீரைக் காய்ச்சிக் குடியுங்கள்' என்னும் அறிவுரை கிருமிகளால் வரும் நோய்க்கு மிகப் பொருந்தும், புளூரைடுக்கோ பொருந்தாது. காய்ச்சுங்கால் நீர் ஆவியாகிக் குறைய, புளூரைடு எஞ்சிய நீரில் செறிவு மிகுந்து நிற்கும். ஒரு நோய்க்குச் சொன்ன நன்மொழி மற்றொரு நோய்க்குத் தீமொழியாதலை ஈண்டுக் காண்கின்றோம்.

இவ்வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகளாக வழங்குகின்றன, உருதும் உண்டு, தொழிற்சாலைகளை நாடி வந்த வடபுலத் தொழிலாளரின் மொழிகளும் சேர்ந்துள்ளன. ஆராய்ச்சி முடிவுகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. ஆயினும், இச்சிக்கலின் அடிப்படைச் சொற்கள் திராவிட மொழிகளில் உறவுடையனவாக உள்ளன. தமிழில் நீர், கன்னடத்திலும் தெலுங்கிலும் நீரு. தமிழில் பல், கன்னடத்தில், பகரம் ஹகரமாகத் திரிய, ஹல்லு, தெலுங்கில் ஒருமையில் பன்னு, பன்மையில் பள்ளு. தமிழில் எலும்பு, கன்னடத்தில் எலுபு, தெலுங்கில் எமுக. ஒப்பிலக்கணத்தார் ஏட்டில் வைத்துள்ள இச்செய்தி, ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்டும் அறிவிப்புக்கும் உதவும். நீர், பல், எலும்பு என்னும் மூன்று சொற்களை அடிப்படையாக வைத்து எழுதப்படும் விளக்கம் மும்மொழியாளர்க்கும் எளிதில் விளங்கும்.

6. கல்வி

பல்லின் மேற்பூச்சு உருவாகும் காலத்தில்தான் புளூரைடு அதனைக் கெடுக்கின்றது. அக்காலம் ஏறத்தாழ எட்டு வயதோடு முடிகின்றது. அதன்பின் குடிக்கும் நீர் பல்லிற் புதிய கறையை உண்டாக்காது. முன்னர் உண்டான கறை தானே நீங்கவும் மாட்டாது. ஆகவே, தொடக்கப்பள்ளியே இந்நோயை அறியும் முதலிடமாகும். ஒரு வகுப்பிலுள்ள குழந்தைகளின் முன்பற்களை நோக்கும் ஆசிரியர், அக்குழந்தைகள் கைக்குழந்தைகளாய் இருந்த நாளில் அவ்வூர் குடித்த நீரின் வரலாற்றையே படிக்கின்றார்.

இதனை அறியாத இடத்தில் பழி குழந்தைமேல் விழுகின்றது. கறைபட்ட பல்லைத் துலக்காத பல்லென்று எண்ணிக் கடிந்துகொள்வோர் உளர். சிரிக்குங்கால் வாயை மூடிக்கொள்ளும் வழக்கம் குழந்தைக்கு அமைந்துவிடுகின்றது. குற்றம் நீரினது என்று ஆசிரியர் வகுப்பில் கூறும் ஒரு சொல், அக்குழந்தைக்கு மருந்தளவு நன்மை செய்யும். பர்கூர் அரசினர் பொறியியற் கல்லூரியும், 2022-இல் திறந்துவைக்கப்பட்ட கிருட்டிணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் இம்மாவட்டத்திலேயே உள்ளன. நீரை அளக்கும் மாணவரும், பல்லையும் எலும்பையும் நோக்கும் மாணவரும், வகுப்பில் உரைக்கும் ஆசிரியரும் ஓர் ஊரில் ஒன்றுகூடுதல் அரிதன்று.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால், துறைகள் பலவாயினும் அவை ஆராயும் வாழ்வு ஒன்றே என்பது பெறப்படும். மருத்துவம் காரணத்தைக் கூறிற்று. பொறியியல் வழியை வகுத்தது. இவ்விரண்டையும் மக்களோடு இணைப்பவை செய்தித் தொடர்பும் கல்வியும். இவற்றின் கருவி மொழியாதலின், தமிழ்த்துறை ஒதுங்கி நிற்றல் இயலாது.

அதற்குரிய பணிகள் மூன்று என்று கருதுகின்றோம். நீரின் வகை, சுவை, கிணறு, ஏரி பற்றி இவ்வட்டார மக்கள் வழங்கும் சொற்களைத் தொகுத்தல் ஒன்று. புளூரைடு நோய் பற்றிய கலைச்சொற்களை அவ்வழக்குச் சொற்களோடு பொருத்தி எளிய தமிழில் வரையறுத்தல் மற்றொன்று. தெலுங்கு, கன்னட அறிஞரோடு கூடி மும்மொழிக் கையேடு ஒன்று ஆக்குதல் மூன்றாவது. எல்லையை அடுத்த குப்பத்தில் 1997-இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் இதற்கு நல்ல துணையாதல் கூடும்.

1937-இல் நெல்லூரில் கண்டறிந்த உண்மை, ஒரு சிற்றூர்த் தாயின் செவியைச் சென்றடையும் முன் எத்தனையோ குழந்தைகள் எட்டு வயதைக் கடந்துவிட்டனர். ஆய்வேடு நூலகத்தில் காத்திருக்கும். குழந்தையின் பல் காத்திராது. கண்டறிந்ததை உரிய காலத்தில், உரிய மொழியில் உரைத்தலும் ஆராய்ச்சியின் பகுதியே என்று துறைகள் அனைத்தும் கொள்ளுதல் வேண்டும்.