உங்களுக்குத் தெரியுமா? – ஓப்பன் சோர்ஸ்

★ 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயரை முன்மொழிந்தவர் கிறிஸ்டின் பீட்டர்சன். 1998 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் நடந்த சிறு கூட்டத்தில் அதைச் சொன்னார். நெட்ஸ்கேப் நிறுவனம் தன் பிரவுசரின் மூல நிரலை எல்லோருக்கும் தரப்போவதாக அறிவித்திருந்த சமயம் அது. இன்றைய பயர்பாக்ஸ் அந்த வழியில் வந்ததுதான்.

★ இலவசம் வேறு, ஓப்பன் சோர்ஸ் வேறு. வாட்ஸ்அப்புக்குக் காசு கொடுப்பதில்லை. ஆனால் அதன் நிரலை நம்மால் திருத்த முடியுமா? ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு இதற்கு 10 நிபந்தனைகள் வகுத்திருக்கிறது. நிரலை வெளியே காட்டிவிட்டு, 'வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று லைசென்ஸில் ஒரு வரி சேர்த்தாலே அது ஓப்பன் சோர்ஸ் ஆகாது. ஆகவே லைசென்ஸைப் படித்துவிட்டு டவுன்லோடு செய்யுங்கள்.

★ நிரலைத் திறந்து வைத்தால் பிழைப்பு நடக்குமா? ஓப்பன் சோர்ஸ் இயங்குதளமான லினக்ஸை நம்பித் தொழில் செய்த ரெட் ஹாட் நிறுவனத்தை ஐபிஎம் 2019-ல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது.

★ 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் நினைவிருக்கிறதா? அதில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் வந்தது. அதை உருவாக்கியது மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம். நம் பிள்ளைகளில் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதது பெரிய இழப்பு. செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்குள் போனால், அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடமே லினக்ஸில்தான்.

★ கடிதம், கணக்கு போன்ற அலுவலக வேலைகளுக்கான லிப்ரே ஆபீஸும் பயர்பாக்ஸும் தமிழ் மெனுவோடு கிடைக்கின்றன. தன்னார்வலர்கள் இரவுகளில் உட்கார்ந்து மொழிபெயர்த்தது. தமிழில் விற்குமா என்று ஒரு கம்பெனி கணக்குப் போடும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், ஓப்பன் சோர்ஸால் தமிழுக்குக் கிடைத்த முதல் நன்மை இதுதான்.

★ சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்கு ஃபிளெக்ஸ் அடிப்பவர்களும் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர்களும் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த 'கேட்டமரன்' தமிழ் எழுத்துரு கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கிறது. ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வந்ததால் போஸ்டர், பெயர்ப்பலகை, புத்தகம் எதற்கும் பயன்படுத்தலாம். அந்த வேலைக்குக் காசும் வாங்கலாம். இந்த லைசென்ஸின்படி எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. யூனிகோடு என்பதால், வேறு கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தாலும் எழுத்து புரியாத குறிகளாக மாறாது. படம் வரைய இங்க்ஸ்கேப், போட்டோ திருத்த கிம்ப்: இரண்டும் ஓப்பன் சோர்ஸ்தான். 'மீரா இனிமை' என்ற எழுத்துருவையும் பாருங்கள். அதைத் தமிழுக்குச் செய்து கொடுத்தது, மலையாளத்துக்காகத் தொடங்கிய சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு.