இருமழை நாட்டில் குடற்புழு நீக்கம்

தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருக்க, தென்மேற்குப் பருவமழையையும் நிறையப் பெறுகின்ற கன்னியாகுமரி மாவட்டத்தில், அதிலும் கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் நெல் விளையும் நாஞ்சில் நாட்டில், மண் முற்றிலும் உலர்ந்து கிடக்கும் காலம் குறைவு. வயலை வளமாக்கும் இந்த ஈரமே வரப்பிலும் குளத்தங்கரையிலும் மேயும் ஆடுமாடுகளின் குடற்புழுக்களுக்கும் துணைநிற்பதால், மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என நாள்குறித்து மருந்து ஊற்றும் பொதுவழக்கம் இங்கு போதுவதில்லை.

ஆடுகளுக்கு முதற்பகை, நான்காம் இரைப்பையின் சுவரைத் துளைத்து இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் என்னும் உருண்டைப்புழு ஆகும். ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தை இழக்கச் செய்வதால், ஆயிரம் புழுக்களைச் சுமக்கும் ஆடு நாள்தோறும் 50 மில்லிலிட்டர் இரத்தத்தை இழக்கிறது. ஒரு பெண்புழு நாளுக்கு ஆயிரக்கணக்கில் இடும் முட்டைகள் புழுக்கையோடு வெளியேறி, வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில் ஒரு வாரத்துக்குள் தொற்றும் திறனுள்ள இளம்புழுக்களாகிப் பனித்துளி படிந்த புல்லில் ஏறிக் காத்திருக்கின்றன. இப்புழுவால் பெரும்பாலும் கழிச்சல் உண்டாவதில்லை. கீழிமையின் உட்புறம் வெளுப்பதும், தாடைக்கடியில் நீர்கோத்து வீங்குவதுமே அடையாளங்கள் என்பதால், கழிச்சல் கண்டபின் மருந்து தரலாம் என்று காத்திருப்போர் ஆட்டை இழக்க நேர்கிறது.

மாடுகளின் நிலை வேறு. நெல்வயலிலும் குளத்திலும் வாழும் நன்னீர் நத்தையின் உடலுக்குள் வளர்ந்து வெளிவரும் தட்டைப்புழுவின் இளம்பருவம், புல்லிலும் நெற்பயிரின் அடித்தாளிலும் கூடுகட்டி ஒட்டிக்கொள்ள, அறுப்பு முடிந்த வயலில் மேயும் மாடு அதை விழுங்குகிறது. இவற்றுள் முதல் இரைப்பையில் தங்கும் இனத்தின் முதிர்ந்த புழுக்கள் அதிகத் தீங்கு செய்வதில்லை. அங்கே போய்ச்சேரும் முன் சிறுகுடலைப் புண்ணாக்கும் இளம்புழுக்களே நாற்றமெடுக்கும் கடுங்கழிச்சலை உண்டாக்குகின்றன. அவை முட்டையிடும் பருவத்தை அடையாதவை என்பதால், நோய் முற்றியிருக்கும்போது சாணத்தில் முட்டையே தென்படாமல் போகலாம். மேலும், உருண்டைப்புழுவின் முட்டைகள் உப்புக்கரைசலில் மிதக்க, தட்டைப்புழுவின் கனத்த முட்டைகளோ அடியில் படிவதால், சாணத்தைச் சோதிக்கும் முறையும் வேறுபடுகிறது. ஆகவே கால்நடை மருந்தகத்துக்குச் சாணம் கொண்டுசெல்வோர், மாடு எந்த வயலில், எப்போதிலிருந்து மேய்கிறது என்பதையும் சொல்வது அவசியம். ஐவர்மெக்டின் தட்டைப்புழுக்களைக் கொல்வதே இல்லை. முதல் இரைப்பைத் தட்டைப்புழுவுக்கு ஆல்பெண்டசோலையும் நம்பமுடியாது. ஆக்ஸிகுளோசனைடு போன்ற மருந்து வேண்டும். புழு இன்னதென்று அறியாமல் ஊற்றும் மருந்தால் காசும் காலமும் வீணாவதோடு, நோயும் வளர்கிறது.

இதைவிடப் பெரிய கவலை, மருந்துக்குச் சாகாத புழுக்கள் பெருகுவதாகும். மேலைநாடுகளில் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை இலாயத்துக் குதிரைகள் அனைத்துக்கும் மருந்து கொடுத்துவந்ததன் விளைவாக, குதிரைகளின் சிறுபுழுக்கள் பல மருந்துகளை எதிர்த்து நிற்கத் தொடங்கின. அதனால்தான் டென்மார்க் 1999 இல் மருத்துவர் சீட்டின்றிப் புழுமருந்து வாங்குவதைத் தடுத்தது. ஆட்டுப்புழுக்களிடமும் இதே எதிர்ப்பு உலகெங்கும் பதிவாகியுள்ளது. கண்மதிப்பில் குறைத்து ஊற்றும் மருந்து வலுவற்ற புழுக்களை மட்டும் கொன்று, வலுத்தவற்றை வாழவிடுகிறது. செம்மறியைவிட வெள்ளாட்டின் உடல் பல மருந்துகளை விரைவாகச் சிதைத்துவிடுவதால் செம்மறிக்குரிய அளவு அதற்குப் போதாது. ஆனால் லெவமிசோல் போன்றவற்றில் அளவு மிகுந்தால் நஞ்சாகும் என்பதால், எடைபார்த்து அளவை முடிவுசெய்யும் பொறுப்பு மருத்துவருக்கே உரியது. தென்னாப்பிரிக்காவில் உருவான கண்ணிமை நிற அட்டையைக் கொண்டு வெளுத்த ஆடுகளுக்கு மட்டும் மருந்து கொடுத்து, நலமுள்ளவற்றை விட்டுவைத்தால், மருந்துக்கு அடங்கும் புழுக்களும் மேய்ச்சல் நிலத்தில் எஞ்சியிருந்து எதிர்ப்புக் குணம் பரவுவதைத் தாமதப்படுத்தும். மருந்துக்கு முன் புழுக்கையில் எண்ணிய முட்டைகளை, மருந்து கொடுத்த 10 முதல் 14 நாள்களுக்குள் மீண்டும் எண்ணும்போது அவை வெகுவாகக் குறைந்திருப்பதே மருந்து வேலைசெய்ததற்கான சான்று.

மருந்தை ஊற்றும் முறையிலும் உயிர்ச்சேதம் நேர்வதுண்டு. தலையை அண்ணாந்து பிடித்து வேகமாக ஊற்றினால் மருந்து மூச்சுக்குழாய்க்குள் சென்று நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் என்பதால், தலையைச் சற்றே உயர்த்தி, நாக்கின் பின்புறத்தில் மெல்ல விட்டு, இருமினால் உடனே நிறுத்த வேண்டும். சினையின் தொடக்க வாரங்களில் ஆல்பெண்டசோல் கருவைச் சிதைக்கக்கூடும். கறவைகளுக்கு மருந்து கொடுத்தபின், புட்டியில் குறித்த நாள்கள் கழியும்வரை பாலை விற்கலாகாது.

இம்மாவட்டத்து வீடுகளில் பலாக்குழையைக் கட்டித் தொங்கவிட்டு ஆடு வளர்க்கும் பழைய வழக்கத்துக்கு இங்கே தனி மதிப்புண்டு. புல்லில் ஏறும் இளம்புழுக்கள் பெரும்பாலும் ஒரு சாண் உயரத்தைத் தாண்டுவதில்லை என்பதால், வாயெட்டும் உயரத்தில் தொங்கும் குழையைத் தின்னும் ஆட்டுக்குப் புழு ஏறும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் குட்டிகளையேனும் இவ்வாறு கட்டி வளர்த்து, பனி உலர்ந்தபின் மேயவிட்டால், மருந்துக்கான தேவையே பெரிதும் குறைகிறது.